ஃபோகஸ் புள்ளியை நாமே வைப்பது எப்படி?

ஒகேனக்கல்லில் பரிசலில் ஏறி, எதிரே துடுப்புப் போடுகிறவரைப் படம் எடுக்கும் பலருக்கும் ஒரே மாதிரியான படம்தான் கிடைக்கிறது. பரிசலின் விளிம்பு துல்லியமாக இருக்கும், துடுப்பில் வழியும் தண்ணீர்கூடத் தெளிவாக இருக்கும், அவர் முகம் மட்டும் மங்கிப் போயிருக்கும். லென்ஸ் சரியில்லை என்று நினைத்து அடுத்த லென்ஸுக்குப் பணம் சேர்க்கத் தொடங்குவார்கள். லென்ஸில் பெரும்பாலும் குறை இருக்காது. எதைத் தெளிவாகக் காட்ட வேண்டும் என்ற முடிவைக் கேமராவிடம் விட்டிருப்பார்கள். கேமரா தனக்குப் பக்கத்தில் இருந்ததைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

புதிதாக வாங்கும் கேமராக்களில் பெரும்பாலானவை, ஃபோகஸ் புள்ளியை, அதாவது காட்சியில் எந்த இடம் தெளிவாக வர வேண்டும் என்று குறிக்கும் புள்ளியை, தானே தேர்ந்தெடுக்கும் அமைப்பில்தான் நம் கைக்கு வருகின்றன. அந்த நிலையில் கேமரா, காட்சியில் எது அருகில் இருக்கிறதோ, எதன் ஓரம் பளிச்சென்று தெரிகிறதோ, அதன் பக்கம் சாய்கிறது. வெட்டவெளியில் ஒருவர் தனியாக நின்றால் இது சரியாகவே வேலை செய்யும். ஆனால் நம் ஊரில் யார் வெட்டவெளியில் தனியாக நிற்கிறார்கள்? முன்னால் ஒரு கிளை இருக்கும், கயிறு இருக்கும், யாராவது கை நீட்டியிருப்பார்கள். ஆகவே புதியவர்கள் முதலில் பழக வேண்டியது புள்ளியைத் தாங்களே வைப்பது. அப்பெர்சர், ஐஎஸ்ஓ எல்லாம் அதற்குப் பிறகு என்றுகூடச் சொல்வேன்.

தொடங்கும் முன்

லென்ஸின் பக்கவாட்டில் ஏஎஃப் (ஆட்டோஃபோகஸ்), எம்எஃப் (கையால் ஃபோகஸ் செய்வது) என்று சிறிய சுவிட்ச் இருந்தால் அது ஏஎஃப் பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். பையில் உரசி நகர்ந்துவிடுவது சாதாரணமாக நடக்கும்.

அடுத்து வியூஃபைண்டர். கண்ணை வைக்கும் இடத்தின் ஓரத்தில் ஒரு குட்டிச் சக்கரம் அல்லது தள்ளும் பொத்தான் இருக்கும். அதைத் திருப்பி, உள்ளே தெரியும் எண்களும் புள்ளிகளும் உங்கள் கண்ணுக்குக் கூர்மையாகத் தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி போடுபவர்கள் இதைத் தவிர்க்கவே கூடாது. உள்ளே தெரிவதே மங்கலாக இருந்தால் ஃபோகஸ் ஆனதா இல்லையா என்று எப்படித் தெரியும்?

மேலே உள்ள மோடு டயலைப் பச்சை ஆட்டோவிலிருந்து நகர்த்துங்கள். ஆட்டோவில் புள்ளியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெரும்பாலும் நமக்குக் கிடைக்காது. கேனானில் பி அல்லது ஏவி, நிக்கானிலும் சோனியிலும் பி அல்லது ஏ போதும். பி-யில் வைத்தால் வெளிச்சக் கணக்கைக் கேமரா பார்த்துக்கொள்ளும், உங்கள் கவனம் முழுவதும் புள்ளியில் இருக்கலாம்.

கடைசியாக ஃபோகஸ் முறை. கேனானில் ஒன் ஷாட், நிக்கானிலும் சோனியிலும் ஏஎஃப்-எஸ் என்று வையுங்கள். ஷட்டர் பட்டனைப் பாதி அழுத்தினால் ஒருமுறை பிடித்து அங்கேயே நிற்கும் முறை இது. அசையாத பொருளில் பழகுவதற்கு இதுதான் வசதி.

உங்கள் கேமராவில் அது எங்கே இருக்கிறது

கேனான் 1500டி போன்ற ஆரம்பநிலை டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி உள்ள கேமரா) வைத்திருப்பவர்கள், பின்பக்கம் வலது மேல் மூலையில் பூதக்கண்ணாடி போட்ட பட்டனைத் தேடுங்கள். படம் பார்க்கும்போது பெரிதாக்குவதும் அதுதான், படம் எடுக்கும்போது ஃபோகஸ் புள்ளியைத் தேர்ந்தெடுப்பதும் அதுதான். அதை ஒருமுறை அழுத்திவிட்டுப் பின்னால் உள்ள நான்கு திசைப் பட்டன்களால் புள்ளியை நகர்த்தலாம். மொத்தம் 9 புள்ளிகள். ஒன்பதும் சேர்ந்து ஒளிர்ந்தால் கேமராவே தேர்ந்தெடுக்கும் நிலையில் இருக்கிறது என்று அர்த்தம். நடுவில் உள்ள செட் பட்டனை அழுத்தினால் நடுப்புள்ளிக்கு வரும், இன்னொரு முறை அழுத்தினால் ஒன்பதுக்கும் போகும். இந்த ஒரு பட்டனை மனப்பாடம் செய்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

நிக்கான் டி3500இல் ஐ என்ற பட்டனை அழுத்தித் திரையில் ஏஎஃப் ஏரியா மோடைத் தேடி, சிங்கிள் பாயிண்ட் என்று மாற்றுங்கள். அதன்பிறகு ஷட்டரை லேசாகத் தொட்டுக் கேமராவை விழிக்க வைத்துவிட்டு, பின்னால் உள்ள வட்டமான திசைப் பட்டனால் 11 புள்ளிகளில் எதற்கு வேண்டுமானாலும் போகலாம். தனியாக எந்தப் பட்டனையும் முதலில் அழுத்தத் தேவையில்லை. ஓகே அழுத்தினால் புள்ளி நடுவுக்கு வந்துவிடும்.

நிக்கானின் டி7500, டி750 போன்றவற்றில் வேறு வழி. முன்பக்கம் லென்ஸை ஒட்டி, இடது கைப்பக்கம் கீழே ஒரு நெம்புகோல் இருக்கும். அதன் நடுவில் உள்ள பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு பின் டயலைச் சுற்றினால் ஏஎஃப்-எஸ், ஏஎஃப்-சி (தொடர்ந்து ஃபோகஸ் செய்துகொண்டே இருக்கும் முறை) மாறும். முன் டயலைச் சுற்றினால் ஒற்றைப் புள்ளியா, கூட்டமா என்பது மாறும். டி750, டி7500 இரண்டிலும் 51 புள்ளிகள் உண்டு. ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நகர்த்தக் கட்டைவிரல் வலிக்கும் என்பதால் மெனுவில் அதை 11 ஆகக் குறைக்கும் வசதியும் தந்திருக்கிறார்கள். பழகும் காலத்தில் 11இல் வைத்துக்கொள்வதே நல்லது.

சோனியில் எஃப்என் பட்டனை அழுத்தினால் ஃபோகஸ் ஏரியா தெரியும். வைடு என்று இருப்பதை ஸ்பாட் என்று மாற்றுங்கள், அளவு நடுத்தரம் போதும். ஏ7 மூன்றாம் பதிப்பு முதலானவற்றில் பின்னால் ஜாய்ஸ்டிக் இருக்கிறது. ஏ6400இல் ஜாய்ஸ்டிக் இல்லாததால் சக்கரத்தின் நடுப்பட்டனை அழுத்திவிட்டுத்தான் நகர்த்த வேண்டும். ஃபியூஜி எக்ஸ்-டி30, கேனான் ஆர்10, நிக்கான் இசட்6 ஆகியவற்றில் ஜாய்ஸ்டிக் உண்டு. கேனான் ஆர்50, நிக்கான் இசட்50 இரண்டிலும் கிடையாது. பல மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமராக்களில் வியூஃபைண்டரில் கண்ணை வைத்தபடியே திரையில் கட்டைவிரலைத் தேய்த்துப் புள்ளியை நகர்த்தலாம். மெனுவில் டச் என்ற பகுதியில் அது இருக்கும். மூக்கு திரையில் பட்டுப் புள்ளி ஓடினால், திரையின் வலது பாதியை மட்டும் வேலை செய்யும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று மாங்காய்ப் பயிற்சி

கிருஷ்ணகிரிப் பக்கம் இருப்பவர்களுக்கு இந்தப் பயிற்சிக்கான சாமான் தோட்டத்திலேயே கிடைக்கும். திண்ணையில் மூன்று மாங்காய்களை ஒன்றின் பின் ஒன்றாக, ஒரு சாண் இடைவெளியில் சாய்வாக வையுங்கள். கிட் லென்ஸை (கேமராவுடன் சேர்ந்து வரும் லென்ஸ்) 55 மி.மீ. பக்கம் திருப்பி, ஒரு மீட்டர் தள்ளி உட்காருங்கள். கேமராவை அசைக்காமல், புள்ளியை மட்டும் நகர்த்தி முதல் காயைப் பிடித்து ஒரு படம், நடுக்காயில் ஒன்று, கடைசிக் காயில் ஒன்று. பெரிதாக்கிப் பார்த்தால் மூன்று படங்களிலும் வெவ்வேறு காய் தெளிவாக இருக்க வேண்டும்.

புள்ளியை மாங்காயின் வழவழப்பான வயிற்றில் வைத்தால் கேமரா திணறுவதைக் கவனிப்பீர்கள். லென்ஸ் முன்னும் பின்னும் ஓடிவிட்டு நின்றுவிடும். அதே புள்ளியைக் காம்பிலோ, பால் வடிந்த கறையிலோ வைத்தால் உடனே பிடித்துக்கொள்ளும். ஆட்டோஃபோகஸ் வேலை செய்வது வெளிச்சமும் இருளும் சந்திக்கும் ஓரங்களை வைத்துத்தான். சுண்ணாம்பு அடித்த வெறும் சுவர், மேகம் மூடிய வானம், வெள்ளை வேட்டியின் நடுப்பகுதி, இவற்றில் அதற்குப் பிடிமானம் கிடையாது. வேட்டி என்றால் கரையில் வையுங்கள். சுவர் என்றால் விரிசலில்.

இப்போது அதே பயிற்சியை வியூஃபைண்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் செய்யுங்கள். இதுதான் உண்மையான பாடம். மூன்றாவது காயிலிருந்து முதல் காய்க்குப் புள்ளி வர எத்தனை தடவை அழுத்த வேண்டும் என்பது கட்டைவிரலுக்கே தெரிய வேண்டும். தறியில் உட்கார்ந்தவர் நாடாவைப் பார்த்துப் பார்த்து நெய்வதில்லை, அப்படி ஒரு பழக்கம் இதற்கும் வரும். தினமும் சாயங்காலம் கொஞ்ச நேரம் செய்தால் போதும்.

எடுத்த படத்தில் புள்ளி எங்கே இருந்தது என்று பிறகு பார்க்கவும் வழி உண்டு. பல கேனான் கேமராக்களின் பிளேபேக் மெனுவில் ஏஎஃப் பாயிண்ட் டிஸ்பிளே என்று ஒன்று இருக்கும். டி750 வரிசை நிக்கான்களில் பிளேபேக் டிஸ்பிளே ஆப்ஷன்ஸ் என்பதற்குள் ஃபோகஸ் பாயிண்ட் என்பதை டிக் செய்யலாம். மங்கலான படம் கிடைத்தால் முதலில் இதைப் பாருங்கள். சிவப்புப் புள்ளி கண்ணில் இருந்தும் கண் மங்கலாக இருந்தால் பிரச்சினை வேறு: கை ஆட்டமோ, குறைந்த ஷட்டர் வேகமோ. புள்ளி தோளில் இருந்தால் விஷயம் அங்கேயே தெரிந்துவிடும்.

எல்லாப் புள்ளிகளும் ஒன்றல்ல

டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். சில புள்ளிகள் ஒரே திசையில் போகும் கோடுகளை மட்டும் உணரும். கிராஸ் டைப் புள்ளிகள் குறுக்கும் நெடுக்கும் இரண்டையும் உணரும். 1500டி-யிலும் டி3500இலும் நடுப்புள்ளி ஒன்றுதான் கிராஸ் டைப். நிக்கான் டி5600இல் 39 புள்ளிகளில் 9. கேனான் 80டி-யில் 45 புள்ளிகளும் கிராஸ் டைப். வெளிச்சம் குறைந்த இடத்தில் ஓரப்புள்ளி தடுமாறினால் கேமரா கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம்.

தருமபுரி அருங்காட்சியகத்தில் உள்ள நடுகற்களை எடுத்துப் பாருங்கள், இது நன்றாகப் புரியும். சாம்பல் நிறக் கல், அதன் மேல் அதிகம் துருத்தாத வீரனின் உருவம். ஓரப்புள்ளியை வெறும் கல்லில் வைத்தால் பிடிக்காமல் போகலாம். நடுப்புள்ளியை வில்லின் வளைவிலோ, வாளும் கையும் சேரும் இடத்திலோ வைத்தால், சன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும் நேரத்தில், சிரமமில்லாமல் பிடிக்கும். வியூஃபைண்டரில் தெரியும் சதுரத்தை விட, உள்ளே இருக்கும் உண்மையான உணரும் பகுதி சற்றுப் பெரிதாகவே இருக்கும் என்பதும் நினைவில் இருக்கட்டும். சதுரத்துக்குள் கண் மட்டும் இருந்தாலும், பக்கத்தில் இருக்கும் மூக்குக் கண்ணாடியின் சட்டத்தை அது பிடிக்கலாம்.

நடுவில் பிடித்துத் திருப்பினால் போதாதா?

இதைப் பலரும் கேட்பார்கள். நடுப்புள்ளியை முகத்தில் வைத்துப் பாதி அழுத்தி, அப்படியே கேமராவைத் திருப்பிப் படத்தை அமைப்பது பழைய வழி. ஸ்டுடியோ நடத்தும் மூத்தவர்கள் பலர் இன்றும் இப்படித்தான் எடுக்கிறார்கள், நன்றாகவும் எடுக்கிறார்கள். நான்கு மீட்டர் தள்ளி நிற்பவரை எஃப் 5.6இல் எடுக்கும்போது எந்தக் குறையும் தெரியாது.

எல்லோரும் ஆசையாக வாங்கும் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸில்தான் சிக்கல். ஏபிஎஸ்-சி கேமராவில் (1500டி, டி3500 போன்ற சிறிய உணரி கொண்டவை) ஒரு மீட்டர் தூரத்தில், எஃப் 1.8இல், தெளிவாக இருக்கும் ஆழம் மொத்தமே சுமார் 3 செ.மீ. முகத்தை நடுவில் பிடித்துவிட்டு 10 டிகிரி திருப்பினால், ஃபோகஸ் தளம் கண்ணுக்கு ஒன்றரை செ.மீ. பின்னால் போய்விடுகிறது. மூச்சு விடும்போது நீங்கள் அசைவது தனி. கண் மங்கி, காதோரம் தெளிவாக வரும் படங்கள் இப்படித்தான் பிறக்கின்றன. கிட்டத்தில், பெரிய அப்பெர்சரில் எடுக்கும்போது முதலில் படத்தை அமைத்துக்கொண்டு, அப்புறம் புள்ளியைக் கண்ணுக்கு நகர்த்துங்கள். இரண்டு கண்ணில் கேமராவுக்கு அருகே இருக்கும் கண்.

ராயக்கோட்டை, ஓசூர்ப் பக்கம் சாமந்தியும் ரோஜாவும் எடுக்கப் போகிறவர்களுக்கும் இதே கதைதான். பூ எடுக்கும்போது கேமராவை ஸ்டாண்டில் வைத்து, லைவ் வியூவில் (பின்பக்கத் திரையில் காட்சியைப் பார்த்து எடுக்கும் முறை) பத்து மடங்கு பெரிதாக்கி, புள்ளியை மகரந்தத்தில் வைப்பதே நம்பகமானது. காற்று நிற்கும்வரை காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஓடுவதும் பறப்பதும்

தைப் பொங்கலை ஒட்டிக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் எருது விடும் விழாக்கள் நடக்கும். இரண்டு பக்கமும் கூட்டம், நடுவில் காளை நேராக நம்மை நோக்கி வரும். ஒன் ஷாட் இங்கே பயன்படாது. பாதி அழுத்திப் பிடித்த தூரத்திலிருந்து காளை ஷட்டர் விழுவதற்குள் முன்னே வந்துவிடும். கேனானில் ஏஐ செர்வோ, மற்றவற்றில் ஏஎஃப்-சி-க்கு மாற்றுங்கள். பாதி அழுத்திக்கொண்டே இருக்கும்வரை கேமரா தூரத்தைத் தொடர்ந்து கணக்கிடும்.

புள்ளிக்கு வருவோம். ஒற்றைப் புள்ளியை ஓடும் காளையின் நெற்றியில் வைத்திருப்பது அனுபவசாலிகளுக்கே கடினம். எல்லாப் புள்ளிகளையும் திறந்துவிட்டால் கேமரா ஓரத்தில் கைதட்டுபவரைப் பிடிக்கும். இதற்கு நடுவே ஒரு வழி இருக்கிறது. நிக்கானில் டைனமிக் ஏரியா என்பது நீங்கள் வைத்த புள்ளியையே முதன்மையாகக் கொண்டு, காளை ஒரு கணம் நழுவினால் சுற்றியுள்ள புள்ளிகளின் துணையை எடுத்துக்கொள்ளும். டி3500இல் இது ஏஎஃப்-எஸ் வைத்திருந்தால் மெனுவில் கிடைக்காது, முதலில் ஏஎஃப்-சி-க்கு மாற்ற வேண்டும். சோனியில் ஸோன் அல்லது எக்ஸ்பாண்ட் ஸ்பாட். 1500டி-யில் அப்படித் தனி வகை இல்லை. ஆனால் செர்வோவில் ஒன்பது புள்ளிகளையும் திறந்து வைத்தால் அது நடுப்புள்ளியில் தொடங்கி, பொருள் நகர நகர மற்ற புள்ளிகளுக்குக் கைமாற்றும். ஆகவே காளை வாடியை விட்டு வெளியே வரும்போதே நடுப்புள்ளியை அதன் மேல் வைத்துவிடுங்கள். தடுப்புக்கு வெளியே நில்லுங்கள். வியூஃபைண்டரில் காளை எப்போதும் தூரத்தில் இருப்பதுபோலவே தோன்றும், இதை மறந்து உள்ளே இறங்கிவிடாதீர்கள்.

கிருஷ்ணகிரி அணையில் நீர்க்காகமோ கொக்கோ பறக்கும்போது பின்னணி வெறும் வானமாகவோ தண்ணீராகவோ இருந்தால் ஸோனைப் பெரிதாகவே திறந்துகொள்ளலாம். அதே பறவை கருவேல மரத்துக்குள் போய் உட்கார்ந்ததும் உடனே மிகச் சிறிய ஒற்றைப் புள்ளிக்கு வந்துவிடுங்கள், இல்லாவிட்டால் முள்தான் தெளிவாக இருக்கும். இந்த இரண்டுக்கும் இடையே சட்டென்று மாறத் தெரிந்தவர்தான் பறவைப் படம் எடுப்பார். மாற்றும் பட்டன் எதுவென்று அதற்காகத்தான் முன்பே பழகச் சொன்னேன்.

பரிசலுக்கும் ஏஎஃப்-சி-தான். நீங்களும் ஆடுகிறீர்கள், துடுப்புப் போடுகிறவரும் முன்னும் பின்னும் சாய்கிறார், தூரம் மாறிக்கொண்டே இருக்கிறது. புள்ளி அவர் முகத்தில், சற்று மேலே. அருவிக்கு அருகே போனால் சாரல் திரைபோல் எழும், அப்போது புள்ளிக்கு ஓரம் கிடைக்காது. சாரல் விலகும் நேரம் பார்த்து அழுத்துங்கள். கேமராவின் வார் கழுத்தில் இருக்கட்டும்.

இரவுக் கூத்து

தருமபுரிப் பக்கம் தெருக்கூத்து எடுப்பது எனக்கு மிகவும் பிடித்த வேலை, புள்ளி வைப்பதற்கு மிகக் கடினமான இடமும் அதுவே. கிரீடமும் புஜக்கட்டையும் கண்ணாடித் துண்டுகளுடன் மின்னும், கேமரா அதையே பிடிக்கப் பார்க்கும். கண்ணைத் தேடிப் பிடிக்கும் வசதி உள்ள மிரர்லெஸ்கூட, கனமான அரிதாரம் பூசிய சில வேடங்களில் தடுமாறும். புள்ளியைக் கண்ணுக்கு மை தீட்டிய கோட்டில் வையுங்கள். வெள்ளையும் கறுப்பும் சேரும் இடம், எந்தக் கேமராவும் பிடிக்கும். ஆரம்பநிலை டிஎஸ்எல்ஆர் என்றால் இங்கே நடுப்புள்ளியோடு இருப்பதே மேல். ஆடுகிறவர் பாடல் முடிந்து ஒரு நொடி நிற்பார், அந்த நொடிக்காக முகத்தின் மேல் புள்ளியோடு காத்திருங்கள்.

ஒன்று கட்டாயம்: இருட்டில் ஃபோகஸ் செய்ய உதவும் விளக்கை மெனுவில் அணைத்துவிடுங்கள், ஃபோகஸ் ஆனதும் வரும் பீப் சத்தத்தையும். ஃபிளாஷ் திறந்திருந்தால் 1500டி இதற்காக அதைப் படபடவென்று அடிக்கும். விடியவிடிய ஆடுகிறவரின் கண்ணில் அது பட்டால் அடவு தவறும்.

கண் பிடிக்கும் வசதி இருந்தால் புள்ளி தேவையா என்றால், தேவை. மணமேடையில் தாலி கட்டும் நேரத்தில் சட்டகத்துக்குள் பத்து முகம் இருக்கும். யார் முகம் வேண்டும் என்பதைப் புள்ளியை அந்த முகத்தில் வைத்துத்தான் சொல்ல முடியும். அதற்குப் பிறகு கண்ணை அது பார்த்துக்கொள்ளட்டும்.

சற்றுப் பழகிய பிறகு

ஃபோகஸை ஷட்டர் பட்டனிலிருந்து பிரித்துப் பின்பட்டனுக்கு மாற்றலாம். 1500டி-யில் கஸ்டம் ஃபங்ஷனுக்குள் ஷட்டர், ஏஇ லாக் பட்டன் என்ற வரியில் மாற்றினால் நட்சத்திரக் குறி போட்ட பட்டன் ஃபோகஸ் செய்யும். டி3500இல் ஏஇ-எல் ஏஎஃப்-எல் பட்டனுக்கு ஏஎஃப்-ஆன் என்று கொடுக்க வேண்டும். அப்போது ஏஎஃப்-சி-யிலேயே எப்போதும் இருக்கலாம்: அழுத்திப் பிடித்தால் தொடரும், விட்டால் நிற்கும். ஆனால் புள்ளியை நகர்த்துவதும் இதுவும் ஒரே கட்டைவிரலின் வேலை. மாங்காய்ப் பயிற்சி கைவந்த பிறகே இதைத் தொடுங்கள்.

புள்ளி நகரவே இல்லை என்றால்

டி7500, டி750 போன்றவற்றில் திசைப் பட்டனைச் சுற்றி ஒரு பூட்டு வளையம் இருக்கும். அது எல் என்ற எழுத்தில் இருந்தால் ஃபோகஸ் புள்ளி அசையாது, வளையத்தை அங்கே குறித்திருக்கும் வெள்ளைப் புள்ளிக்குத் திருப்புங்கள். மோடு டயல் ஆட்டோவுக்கு நகர்ந்திருக்கிறதா, ஏரியா மோடு ஆட்டோவில் இருக்கிறதா என்றும் பாருங்கள். கேமரா சற்று நேரம் சும்மா இருந்து உறங்கியிருந்தாலும் நகராது, ஷட்டரை லேசாகத் தொட வேண்டும்.

புள்ளி சரியாக வைத்தும், ஸ்டாண்டில் வைத்தும், அசையாத பொருளிலும் ஒவ்வொரு முறையும் சற்று முன்னாலோ பின்னாலோ ஃபோகஸ் விழுந்தால், அதே காட்சியை லைவ் வியூவில் எடுத்துப் பாருங்கள். டிஎஸ்எல்ஆரில் வியூஃபைண்டர் வழியாகப் பார்க்கும்போது ஃபோகஸ் அளப்பது கேமராவுக்குள் இருக்கும் கண்ணாடிக்குக் கீழே உள்ள தனி உணரி. லைவ் வியூவில் படம் பதிவாகும் உணரியே அளக்கிறது. லைவ் வியூவில் கச்சிதமாக வந்து, வியூஃபைண்டரில் மட்டும் தவறினால் லென்ஸும் கேமராவும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. டி750 போன்றவற்றில் ஏஎஃப் ஃபைன் டியூன் என்ற மெனுவில் நாமே திருத்தலாம். அந்த வசதி இல்லாத கேமரா என்றால் இரண்டையும் சேர்த்து, எடுத்த இரண்டு படங்களையும் மெமரி கார்டில் வைத்து, சர்வீஸ் சென்டரில் கொடுங்கள். லென்ஸை மட்டும் கொண்டுபோனால் திரும்ப அலைய வேண்டியிருக்கும்.